மிளகாய்க்குப் பிறகு யார் அரைப்பது?

அம்பத்தூர்,
வெகுதானிய வருஷம், ஐப்பசி மாதம்,
வெள்ளிக்கிழமை.

சிரஞ்சீவி மைத்துனன் எத்திராஜுக்கு, உன் அக்காள் புருஷன் மணவாளன் ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அக்காள் கன்னியம்மாள், மாவு மில் எஞ்சின் ஆகிய மூவரும் சௌக்கியம். மூவரில் இருவருக்கு உடம்புச் சூடு கொஞ்சம் அதிகம். மூன்றாவது ஆளான நான் சாதாரணமாக இருக்கிறேன். தங்கவயலில் நீயும், உன் சம்சாரம் வரலட்சுமியும், குழந்தைகளும் நோய் நொடியில்லாமல் இருக்கத் திருமழிசைப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க. உன் கடிதம் வந்து சேர்ந்தது. "மாமா, மில்லில் பாதி அக்காவுக்கு, பாதி எனக்கு என்று அப்பா எழுதிவைத்துவிட்டுப் போனார். நானோ தங்கச் சுரங்கத்தில் கிடக்கிறேன். திருமழிசைக்காரர் ஒருவர் கிணற்றுக்குப் பம்பு வைக்க நம் எஞ்சினை விலைக்குக் கேட்கிறாராமே, கொடுத்துவிடலாமா, வைத்துக்கொள்ளலாமா? நீங்கள் படித்தவர், ரயில்வே பார்சல் ஆபீசில் ஆயுசு பூராவும் உத்தியோகம் பார்த்தவர், நீங்கள் எழுதுவதே முடிவு, கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன்" என்று எழுதியிருந்தாய். இந்தக் குடும்பத்தில் பெண் எடுத்த நாள் முதலாக என்னிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. ஆகையால் கடிதத்தை இரண்டு தரம் மனசுக்குள்ளும், மூன்றாம் தரம் உன் அக்காள் காதில் விழும்படி உரக்கவும் படித்தேன். அவள் முறத்தைத் தட்டிக்கொண்டே, "ஆம்பளைங்க ரெண்டு பேரும் பாத்து இன்னா பண்றீங்களோ பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். கோபித்துக்கொண்டு போயிருந்தால் தேவலை. கோபமே இல்லாமல் போனாள்.

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்: விற்றுவிடு. திருமழிசைக்காரர் நாளைக்கு எஞ்சினைப் பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் பத்திரம் உனக்குத் தபாலில் வரும், கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு. காரணங்களை விவரமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலாவது, அந்தத் தகரக் குல்லாய். எஞ்சின் புகைக்குழாயின் உச்சியில் உன் அப்பா மாட்டிவைத்தாரே, ஞாபகம் இருக்கிறதா? எஞ்சின் ஓடினால் அது "கூக்கு, கூக்கு" என்று கொரட்டூர் ஏரி வரைக்கும் கூவும். போன ஆவணி மாதம் ஒரு மத்தியானம் எனக்குக் கண் அசரவிடாமல் அது கூவிக்கொண்டே இருந்தது. ரயில்வேயில் காரணமில்லாமல் விசில் ஊதினால் டிரைவருக்கு அபராதம் உண்டு. இங்கே கேட்பாரில்லையா என்று ஏணியைச் சாத்தி ஏறி, குல்லாயைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கிறேன், தெருமுனையில் ஒப்பாரிச் சத்தம். நம் மில்லுக்கு மாவு அரைக்க வருகிற ஒரகடத்துக் குப்பம்மா தலைவிரி கோலமாக மார்பில் அடித்துக்கொண்டு வருகிறாள், அவளுக்குப் பின்னால் ஒரு கூட்டமே வருகிறது. ஐயோ பாவம், அக்கம்பக்கத்தில் யாருக்கோ ஆகிவிட்டதே என்று மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு நானும் வாசலுக்குப் போய், "யாரம்மா தவறிப்போனது?" என்று கேட்டேன். குப்பம்மா அழுகையை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னா நைனா, நீயா வந்து கேக்குற? நீ பூட்டேன்னுதானே நாங்க வர்றோம்!" என்றாள்.

விஷயம் இதுதான். இந்த மில் உன் அப்பா காலமான அன்றைக்குத்தான் கூவாமல் இருந்ததாம். ஆகவே கூவவில்லை என்றால் வீட்டில் சாவு, வீட்டில் சாகிற வயசில் இருப்பது நான் ஒருவன், ஆகவே நான். சுற்றுவட்டாரமே இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டது. பூந்தமல்லியிலிருந்து மிளகாய்த்தூள் வியாபாரி நஜீர் பாய், நம் மில்லுக்கு வாராவாரம் மிளகாய் மூட்டை கொண்டுவருகிறவர், பாவம், ஆளுயர மாலையோடு வண்டியை விட்டு இறங்கினார். என்னைப் பார்த்ததும் மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். ஆளுயர மாலையை எங்கே ஒளிப்பது? "தப்பா நெனச்சிக்காதீங்கண்ணே, சேதி அப்டி வந்துச்சி" என்று நெளிந்தார். நான் வெட்கத்தில் உள்ளே போய்விட்டேன். உன் அக்காள் இருக்கிறாளே, அவள் அத்தனை பேரையும் உட்காரவைத்து ஆளுக்கு ஒரு குவளை மோர் கொடுத்து, "வந்தது வந்துட்டீங்க, சும்மாவா போவீங்க? ஊட்டுக்குப் போயி அரிசியோ கேவுரோ எட்தாங்க, இன்னிக்கு அரைச்சிட்டே போவலாம்" என்று அனுப்பிவைத்தாள். அந்த மாலையையும் வீணாக்காமல் எஞ்சினுக்குப் போட்டுவிட்டாள். நான் சாகாத அன்றைக்கு மில்லில் இடித்துத் தள்ளுகிற கூட்டம். சாயங்காலம் ஏணியில் ஏறிக் குல்லாயை நானே திரும்ப மாட்டினேன். இதிலிருந்து ஒன்று தெரிந்துகொண்டேன் எத்திராஜு: தொழிலில் சத்தத்தைக் குறைப்பதற்கு முன்னால் அது யாருக்குச் சேதி சொல்கிறது என்று விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது காரணம் பெரிய காரணம். நம்மிடம் இருப்பது ஒரே எஞ்சின், ஒரே மிஷின். அதே கல்லில்தான் அரிசி, அதே கல்லில்தான் மிளகாய். நஜீர் பாய் மிளகாய் அரைத்துக்கொண்டு போன பிறகு கல்லின் இடுக்கெல்லாம் காரம் உட்கார்ந்திருக்கும். அடுத்ததாக யார் எதைக் கொட்டினாலும் முதலில் விழுகிற மாவு செக்கச்செவேலென்று விழும். அதனால் மிளகாய் முடிந்ததும் ஒருத்தியும் முன்னே வரமாட்டாள். "நீ போடு அக்கா", "இல்லடி, நீ தானே அவசரம்னியே" என்று ஒருத்தரை ஒருத்தர் உபசரித்துக்கொண்டு நிற்பார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இவ்வளவு உபசாரம் நான் பார்த்ததில்லை. எஞ்சின் சும்மா ஓடி எண்ணெயைக் குடித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் உன் அக்காள் வீட்டுக்குள் போய் நம் குதிரிலிருந்து அரிசியைக் கொண்டுவந்து மிஷினில் கொட்டுவாள். அது ஓடி முடிந்ததும் கல் சுத்தமாகிவிடும், வரிசையும் நகரும்.

இது எனக்கு அப்போது தெரியாது. நான் கண்டதெல்லாம் வாராவாரம் வீட்டு அரிசி மில் பக்கம் போகிறது என்பதுதான். பார்சல் ஆபீசில் இதற்குப் பெயர் திருட்டு. "ஊட்டுக்குத் தான் மாவா திரும்பி வருதே" என்றாள் உன் அக்காள். "கேட்காமல் வெளியே போவது தப்பு" என்று சொல்லிக் குதிருக்கு ஒரு பூட்டைப் போட்டுச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டேன். அத்தோடு விட்டேனா? தீபாவளிக் கூட்டம் வந்தது. "ஒரு நாளைக்கு நீ உட்கார், வியாபாரம் எப்படி நடத்துவது என்று நான் காட்டுகிறேன்" என்று அவளைக் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, பார்சலில் கட்டுகிற அட்டைச் சீட்டுகளில் நம்பர் எழுதி, வந்த வரிசைப்படி ஒவ்வொரு மூட்டையிலும் கட்டிவிட்டேன். நம்பர் பிரகாரம்தான் மிஷினில் ஏறும், அரிசியானாலும் சரி, மிளகாயானாலும் சரி. கவர்னர் வந்தாலும் வரிசைதான் என்று சொன்னேன். உன் அக்காள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

நஜீர் பாய் மூட்டை ஏறி இறங்கியது. அடுத்த நம்பர் குப்பம்மா. அவள் இந்த வருஷம்தான் மகளைச் சைதாப்பேட்டையில் கட்டிக்கொடுத்திருந்தாள். மாப்பிள்ளைக்குத் தலை தீபாவளி, அதிரசத்துக்கு அரிசி கொண்டுவந்திருந்தாள். "நைனா, என்னிய உட்டுட்டு அடுத்த ஆளப் போடு" என்று கெஞ்சினாள். அடுத்த ஆள் தன் சீட்டை அவிழ்த்துக் கடைசி மூட்டையில் கட்டிக்கொண்டிருந்தாள். பார்த்தால் எல்லோரும் சீட்டை மாற்றிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்! எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. "வரிசை என்றால் வரிசை!" என்று குப்பம்மாவின் அரிசியை நானே வாங்கிக் கொட்டிவிட்டேன். மாவு கொஞ்சம் சிவப்பாகத்தான் விழுந்தது. "பாகில் போட்டால் தெரியாது அம்மா" என்று சமாதானம் சொல்லி அனுப்பினேன்.

தெரிந்தது. தீபாவளிக்கு மறுநாள் குப்பம்மா ஒரு தாம்பாளத்தில் அதிரசத்தோடு நம் வாசலில் வந்து நின்றாள். "மாப்ள ஒரு வாய் கடிச்சிட்டு விக்க ஆரம்பிச்சவரு, இன்னும் விக்கிகினு கீறாரு. அவங்க ஆத்தா, பொண்ணக் குட்த்தவங்க வேணும்னே மொளகாப் போட்டாங்கன்னு சொல்லிட்டுப் பூட்டா. நீ துன்னு நைனா. என் கண்ணு முன்னால துன்னு" என்றாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. தின்றேன். நாக்கு எரிந்தது, காது எரிந்தது, கடைசியில் மானம் எரிந்தது. ஆனால் எத்திராஜு, எரிச்சலுக்கு நடுவிலே எனக்கு ஒரு சந்தேகம். இந்த ருசியை நான் எங்கேயோ தின்றிருக்கிறேனே! எங்கே? நம் வீட்டில்! ரிட்டயராகி அம்பத்தூர் வந்த நாளிலிருந்து நான் தின்கிற புட்டு, இடியாப்பம், கொழுக்கட்டை எல்லாம் இதே ருசிதான். உன் அக்காளுக்கு என்மேல் உள்ள கோபத்தில் மிளகாய் சேர்க்கிறாள் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்! ஒரு தடவை துணிந்து, "புட்டு ஏன் உறைக்கிறது?" என்று கேட்டதற்கு, "உறைச்சா ரெண்டு வாய் கம்மியா துன்னு" என்று பதில் வந்தது. அதற்கப்புறம் நான் கேட்கவில்லை.

குப்பம்மா போன கையோடு ஊரும் போய்விட்டது. வில்லிவாக்கத்தில் புதிசாக ஒரு மில் வந்திருக்கிறது, எல்லோரும் அங்கே நடந்தார்கள். நம் எஞ்சின் கூவிக்கொண்டே இருக்கிறது, வாசலில் ஒரு கோழிகூட இல்லை. நான் சாவியை எடுத்து உன் அக்காளிடம் கொடுத்தேன். திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவள் திட்டவில்லை. குதிரின் பூட்டைத் திறந்து அரிசி எடுத்து ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, சுத்தமான கல்லில் அரைத்து, பாகு காய்ச்சி, அதிரசம் சுட்டுத் தட்டில் அடுக்கிக்கொண்டு, குப்பம்மாவையும் கூட்டிக்கொண்டு நேரே சைதாப்பேட்டைக்கு ரயில் ஏறிவிட்டாள். அங்கே சம்பந்தியம்மாள் முன்னால் நின்று, "தப்பு எங்க ஊட்டுது. குப்பம்மா மேல ஒரு சொல்லு சொல்லாதீங்க" என்றாளாம். "எங்கப்பா நாகப்பன் சொல்லுவாரு, மில்லு வச்சிகினு கீறவன் ஊட்லதான் மொளகா மாவு துன்னணும், வர்றவன் ஊட்ல துன்னக்கூடாதுன்னு. எங்க ஊட்டுக்காரருக்கு அது தெரியாது, அவரு ரயில்வே" என்றாளாம். இதைக் குப்பம்மாவே வந்து எனக்குச் சொல்லிச் சிரித்தாள். மறுநாள் அவள் ஒருத்தி வந்தாள், அவளைப் பார்த்து ஊரே திரும்பி வந்தது.

நான் உண்மையைச் சொல்கிறேன், உன் அக்காளைப் போல ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை. வருகிறவர்களை வஞ்சனையில்லாமல் திட்டுகிறாள். அரிசியில் கல் இருந்தால் திட்டுகிறாள், ஈரம் இருந்தால் திட்டுகிறாள், நேரம் கழித்து வந்தால் திட்டுகிறாள். கன்னியம்மாளிடம் திட்டு வாங்காத மாவில் புட்டு வேகாது என்று இங்கே ஒரு பேச்சே இருக்கிறது. ஆனால் ஒருத்தியும் காரத்தோடு வீட்டுக்குப் போனதில்லை. அத்தனை காரத்தையும் சத்தமில்லாமல் நம் வீட்டு அடுப்புக்குக் கொண்டுவந்துவிட்டாள். பார்சல் ஆபீசில் நாங்கள் சேதாரத்தை யார் தலையில் கட்டலாம் என்றுதான் யோசிப்போம். இவள் தன் தலையில் கட்டிக்கொண்டு அதைப் புட்டாக வேகவைத்தும் போடுகிறாள். எனக்குப் பெருமையாக இருக்கிறது, சொல்லாமல் என்ன?

பின்னே ஏன் விற்கச் சொல்கிறேன் என்று கேட்பாய். கேள். இந்த மில்லை அவள் ஒருத்திதான் நடத்த முடியும். நீ சுரங்கத்தில். நான் கை வைத்ததெல்லாம் விளங்கவில்லை. குல்லாயைக் கழற்றினால் சாவு வீடு, சீட்டுக் கட்டினால் சம்பந்தி சண்டை. அவளுக்கும் வயசாகிறது. நானோ இங்கே ஒரு வேலைக்கும் ஆகாதவனாக உட்கார்ந்திருக்கிறேன், அதைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? வருகிற கார்த்திகையில் எங்களுக்கு அறுபதாம் கல்யாணம். அதற்கப்புறமாவது இரண்டு கிழங்களும் உறைக்காத இடியாப்பம் தின்றுகொண்டு சும்மா இருக்கலாம் என்று எனக்கு ஆசை. ஆகையால் விற்றுவிடு. இது பார்சல் ஆபீஸ் மணவாளனின் தீர்க்கமான அபிப்பிராயம்.

குழந்தைகளுக்கு என் முத்தம். வரலட்சுமிக்குச் சகல சௌபாக்கியமும் உண்டாகட்டும். உன் சுரங்கத்துக்குள் கல் விழாமல், உன் வீட்டு உலையில் கல் இல்லாமல், நீ நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் நன்மையைக் கோரும்
மணவாளன்.

பின்குறிப்பு: நேற்று இதை எழுதி முடிப்பதற்குள் தபால் போய்விட்டது. இன்றைக்குச் சனிக்கிழமை. மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாகப் பாவிக்கவும். முழுசையும் புதிசாக எழுதக் காகிதம் போதாததால் அப்படியே அனுப்புகிறேன்.

காலையில் திருமழிசைக்காரர் வந்தார். உன் அக்காள் அறுபதாம் கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கப் பருத்திப்பட்டுக்குப் போயிருந்தாள். வேண்டுமென்றே போனாளோ என்று இப்போது தோன்றுகிறது. அவர் எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, திருப்தியாக பெஞ்சியில் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து நஜீர் பாய் வண்டி வந்தது. மிளகாய் அரைத்தோம். எல்லோரும் தும்மினோம், திருமழிசைக்காரர் எங்களைவிட அதிகமாகத் தும்மினார். நஜீர் பாய் மூட்டை இறங்கியது. அப்புறம் அதே கதைதான். ஒருத்தி வானத்தைப் பார்க்கிறாள், ஒருத்தி பையை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுகிறாள். குப்பம்மா என்னைப் பார்த்து, "கன்னிம்மா இல்லியே நைனா, நாங்க நாளைக்கி வர்றமே" என்று கூடையைத் தூக்கினாள். எல்லோரும் தூக்கினார்கள். திருமழிசைக்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இந்த வம்புக்குத்தான் சொல்றேன், எனக்குக் குட்த்துடுங்க. பம்புன்னா தண்ணிதான் வரும், தகராறு வராது" என்றார்.

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. உள்ளே ஓடினேன். தீபாவளிக்கு வழித்துத் துடைத்ததில் குதிர் காலி. நடையில் வேட்டி விரித்து, நிழலில் ஈர அரிசி உலர்ந்துகொண்டிருந்தது. என் அறுபதாம் கல்யாண அதிரசத்துக்காக உன் அக்காள் விடிகாலையில் வடித்துப் போட்டுவிட்டுப் போன அரிசி. நாலு மூலையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்து மிஷினில் கொட்டிவிட்டேன். செக்கச்செவேலென்று விழுந்தது. குப்பம்மா மோவாயில் கை வைத்து, "அட மனுசா, கல்யாண மாவாச்சே!" என்று அலறினாள். "இருக்கட்டும். மில்லு வச்சிகினு கீறவன் ஊட்லதான் மொளகா மாவு துன்னணும்" என்று சொன்னது யார் என்று திரும்பிப் பார்த்தேன். நான்தான். பார்சல் ஆபீசில் இத்தனை வருஷம் கட்டிக் காத்த என் பாஷை எங்கே போயிற்றோ தெரியவில்லை. கூடைகளெல்லாம் கீழே இறங்கின. குப்பம்மா முதல் ஆளாக வந்து நின்றாள்.

எஞ்சின் விலைக்கு இல்லை என்று திருமழிசைக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, "ரெண்டு மரக்கா கேவுரு அனுப்பினா அரைச்சிக் குடுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் உன் அக்காள் வந்து மாவைப் பார்த்தாள். ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டாள். அப்புறம் ஆரம்பித்தாள் பார், வாசலில் நிற்கிற கூட்டத்தைத் திட்டுவது போலவே என்னை நிற்கவைத்துத் திட்டினாள்: "இன்னாய்யா மனுசன் நீ! கல்லு கழுவ ஒரு படி போட்டா பத்தாது? மொத்தத்தையுமா கொட்டுவாங்க? முப்பது வருசம் பார்சல் ஆபீசுல இன்னாத்தப் பண்ணிகினு இருந்த?" ஒரு படி போதும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நானும் நிம்மதியாக வாங்கிக்கொண்டேன். திட்டி முடித்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பை நீ இருந்து பார்த்திருக்க வேண்டும். வேறு அரிசி ஊறப்போடட்டுமா என்று கேட்டேன். "வாணாம், இதே இருக்கட்டும்" என்றாள்.

ஆகையால் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதே. கார்த்திகையில் குடும்பத்தோடு புறப்பட்டு வா. நஜீர் பாய் பூந்தமல்லியிலிருந்து ஆளுயர மாலை கொண்டுவருகிறாராம், இந்தத் தடவை உயிரோடிருக்கிற கழுத்தில் போடத்தான். அதிரசம் உறைக்கும். சபையில் எல்லோரும் பார்க்கத் தண்ணீர் கேட்காதே. மில்லில் பாதி உன்னுடையது, எத்திராஜு. உன் பாதிக் காரத்தைத் தின்று தீர்க்காமல் உன்னை நான் தங்கவயல் ரயில் ஏற விடமாட்டேன்.